அரை நொடி தாமதம், யாருக்குக் கவலை?

கம்ப்யூட்டர் வேகமாக இயங்குகிறதா என்று கேட்டால் நாம் என்ன பார்க்கிறோம்? ஆன் செய்தால் எத்தனை நொடியில் டெஸ்க்டாப் வருகிறது, பெரிய பைல் எவ்வளவு நேரத்தில் காப்பி ஆகிறது, கேம்ஸ் தடுக்காமல் ஓடுகிறதா, இவ்வளவுதான். ஆனால் திரையையே பார்க்காமல் கம்ப்யூட்டரில் வேலை செய்பவருக்கு இந்த அளவுகோல்கள் எதுவும் பயன்படாது. கீயைத் தட்டிய நேரத்துக்கும் காதில் முதல் ஒலி விழும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? அவருக்கு வேகம் என்பது அது ஒன்றுதான். இதை நான் புரிந்து கொண்டது சற்றுத் தாமதமாகத்தான். எங்கள் பசுமலையில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு தம்பியால் புரிந்தது.

அவருக்குப் பார்வை கிடையாது. வீட்டில் இருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்குப் பதிவு செய்து தரும் வேலை. அந்த நிறுவனம் தன் பழைய சாப்ட்வேர் எல்லாவற்றையும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் போட்டு, பைலாகக் கொடுத்து விட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் பாக்ஸ் புரோகிராமைப் பதிந்து, இந்த பைலைத் திறந்து, அதற்குள்ளேயே வேலை பாருங்கள் என்று சொல்லி விட்டார்கள். நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல ஏற்பாடுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும், வேறு புரோகிராம் இருந்தாலும், அவர்களின் கணக்கு தனியே இருக்கும்.

ஆனால் அந்தத் தம்பி என்னிடம் சொன்னது இது. "அண்ணே, வெளிய தட்டுனா உடனே பேசுதுண்ணே. உள்ள போயிட்டா நான் மூணு கீ தட்டுனப்புறம் மொத கீயைச் சொல்லுது. எது எந்த வரின்னே தெரிய மாட்டேங்குது. மாசக் கடைசியில எண்ணிக்கை கொறஞ்சா வேலையே போயிரும்ணே."

நான் போய்ப் பார்த்தேன், அதாவது கேட்டேன். ஏறத்தாழ அரை நொடி தாமதம். எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திரையில் எழுத்து உடனே வந்து விடுகிறதே, பிறகென்ன என்று என் வாயில் வந்தும் விட்டது. பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு பக்கத்தில் 60 இடங்களை டேப் கீயால் தாண்ட வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் அரை நொடி காத்திருந்தால் 30 நொடி வீண். இப்படி ஒரு நாளில் எத்தனை பக்கங்கள்? அதைவிட மோசமானது, எங்கே நிற்கிறோம் என்பது தெரியாமல் போவது. காதில் விழுவது பழைய இடம், கர்சர் நிற்பதோ புதிய இடம். தவறான கட்டத்தில் தொகையை டைப் செய்து என்டர் தட்டினால் கணக்கே தவறாகி விடும். நமக்குத் திரையில் மவுஸ் அம்பு அரை நொடி பின்தங்கி நகர்ந்தால் எத்தனை நிமிடம் பொறுத்துக் கொள்வோம்?

கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில் விசாரித்தபோது, வழக்கமான வைத்தியத்தைச் சொன்னார்கள். ராம் போதாது, கூட்டுங்கள். தம்பி 8 ஜி.பி.யை 16 ஆக்கினார். பணம் போனது, தாமதம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தெரிய வேண்டுமானால், குரல் வரும் வழியைச் சற்றுப் பின்தொடர வேண்டும்.

ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் இருப்பதை எழுத்தாக எடுத்து, அதைக் குரலாக மாற்றும் புரோகிராம். ஜாஸ் 1989ல் டாஸ் இயக்கத்துக்கும், 1995ல் விண்டோஸ் இயக்கத்துக்கும் வந்தது. அது விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் 2006ல் தொடங்கி, ஜேம்ஸ் டே உடன் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. இலவசம். இருவருமே பார்வையற்றவர்கள். இன்று நம் ஊரில் பலர் பயன்படுத்துவது இதைத்தான். மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக் கொள்ளலாம். இதனுடன் வரும் ஈஸ்பீக் என்னும் குரல் சாப்ட்வேர் தமிழையும் படிக்கும். அது ரோபோ பேசுவது போல் இருக்கிறது என்று முதல் முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பழகியவர்கள் அதை விட மாட்டார்கள். காரணம் வேகம். மனிதர் பேசிப் பதிவு செய்ததை ஒட்டித் தருவதற்குப் பதிலாக, ஒலியைக் கணக்குப் போட்டு உருவாக்குவதால் அளவில் மிகச் சிறியது, தட்டியவுடன் பேசும். விண்டோஸில் மைக்ரோசாப்ட் தரும் "வள்ளுவர்" என்ற தமிழ்க் குரல் காதுக்கு இனிமை. கதை கேட்க அது சரி. கணக்கு வேலைக்கு நான் ஈஸ்பீக்கையே சொல்வேன்.

இந்தக் குரல் விர்ச்சுவல் மெஷினுக்குள் உருவாகும்போது என்ன ஆகிறது? உள்ளே இருக்கும் விண்டோஸ் அந்த ஒலியைத் தன் சவுண்ட் கார்டுக்கு அனுப்புகிறது. அங்கே உண்மையான சவுண்ட் கார்ட் இல்லை. விர்ச்சுவல் பாக்ஸ் புரோகிராம் சவுண்ட் கார்ட் போல நடிக்கிறது. அது ஒலியை வாங்கி, கொஞ்சம் சேர்த்து வைத்து, வெளியே இருக்கும் விண்டோஸிடம் தருகிறது. அதுவும் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் உண்மையான கார்டுக்குத் தரும். இப்படிச் சேர்த்து வைக்கும் இடத்துக்குப் பெயர் பபர். ஒலி ஒரு நொடிக்கு 44,100 துண்டுகளாகப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பபரில் 4,410 துண்டுகள் சேர்ந்த பிறகே அடுத்த இடத்துக்குப் போகும் என்றால், அங்கே மட்டும் பத்தில் ஒரு நொடி தாமதம். இப்படி மூன்று நான்கு இடம் இருந்தால்? பபரைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். ஆனால் வெளிக் கம்ப்யூட்டர் வேறு வேலையில் இருக்கும் நேரத்தில் பபர் காலியாகி, குரல் திக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அரை நொடி தாமதம் ஒன்றும் செய்யாது, திக்கினால்தான் எரிச்சல். ஆகவே இப்படிப்பட்ட புரோகிராம்களில் திக்காமல் இருப்பதற்கே முதலிடம். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒலியையே கண்ணாக வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

இதற்கும் ராமுக்கும் என்ன சம்பந்தம்? எதுவும் இல்லை. சொல்லப் போனால், உள்ளே வேகம் வரட்டும் என்று இருக்கிற ராம், பிராசசர் கோர் எல்லாவற்றையும் விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்து விட்டால், வெளிக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி, குரல் இன்னும் திக்கும். நான்கு கோர் இருந்தால் இரண்டு கொடுங்கள், போதும்.

சில சின்னத் திருத்தங்கள் உண்மையிலேயே உதவின. பவர் பிளானை அதிக வேகத்துக்கு மாற்றினோம். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். எங்கள் பகுதியில் கரன்ட் போகும் நேரங்களில் குரல் திக்கியதன் காரணம் அதுதான். புளுடூத் ஹெட்போனைக் கழற்றி வயர் ஹெட்போனைச் செருகினோம். புளுடூத்தே தன் பங்குக்கு ஒரு தாமதத்தைச் சேர்க்கிறது. கையில் இருக்கும் 200 ரூபாய் வயர் ஹெட்போன் இந்த வேலைக்கு மேல். முதல் எழுத்தை விழுங்கிப் பேசுவது வேறு பிரச்னை. சவுண்ட் கார்ட் தூங்கி எழுவதால் வருவது. என்.வி.டி.ஏ. ஆடியோ செட்டிங்ஸ் பிரிவில் பேசி முடித்த பிறகும் கார்டை விழித்திருக்க வைக்கும் வசதி இருக்கிறது. புதிதாக விர்ச்சுவல் மெஷின் அமைப்பவர்கள் ஆடியோ கன்ட்ரோலராக இன்டெல் எச்.டி. ஆடியோவைத் தேர்ந்தெடுக்கவும். பழைய ஏ.சி.97 வகைக்கு 64 பிட் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிரைவர் உடன் வருவதில்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்டால் செய்யும்போதே கம்ப்யூட்டர் ஊமை.

இன்னொரு சங்கதியைச் சொல்லாமல் விட முடியாது. விண்டோஸில் ஹைப்பர்-வி அல்லது மெமரி இன்டெக்ரிட்டி இயங்கிக் கொண்டிருந்தால், விர்ச்சுவல் பாக்ஸ் பிராசசரை நேரடியாகப் பயன்படுத்த முடியாமல், மெதுவான வழியில் ஓடும். அதை நமக்குத் தெரிவிக்க, விண்டோவின் கீழே ஒரு பச்சை ஆமைப் படம் தோன்றும். நல்ல குறும்புதான். ஆனால் அந்த ஆமையைப் பார்க்கக் கண் வேண்டுமே! தம்பியின் கம்ப்யூட்டரில் அந்த ஆமை எத்தனை மாதமாக உட்கார்ந்திருந்ததோ, யாரும் சொல்லவில்லை. நான் போன அன்றுதான் அது கண்ணில் பட்டது. விண்டோஸின் ஆப்ஷனல் பீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி தொடர்பானவற்றை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து பார்க்கவும். மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பது பாதுகாப்பைக் குறைக்கும் வேலை. அதை யோசித்துச் செய்யவும்.

இவ்வளவும் செய்த பிறகு தாமதம் குறைந்தது. முற்றிலும் போகவில்லை. போகாது. ஏனென்றால் வழியே தவறு.

என் கருத்து இதுதான்: ஒலியை விர்ச்சுவல் மெஷினிலிருந்து வெளியே கொண்டு வரவே கூடாது. எழுத்தைக் கொண்டு வர வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்கிரீன் ரீடர் "சேமி பட்டன்" என்று பேச வேண்டிய இடத்தில், அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் வெளியே அனுப்பட்டும். வெளியே இருக்கும் ஸ்கிரீன் ரீடர் அதைத் தன் குரலில், தன் சவுண்ட் கார்டில் பேசட்டும். ஒரு நொடி ஒலிக்கு 44,100 துண்டுகள் எங்கே, இரு கை விரல்களால் எண்ணி விடக்கூடிய எழுத்துகள் எங்கே! இது புதிய சிந்தனையும் அல்ல. தூரத்துக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்காக ஜாஸ் இந்த வழியை வெகு காலம் முன்பே எடுத்துக் கொண்டது. என்.வி.டி.ஏ.வுக்கு ரிமோட் என்னும் ஆட்-ஆன் 2015ல் வந்தது. 2025.1 பதிப்பிலிருந்து அது என்.வி.டி.ஏ.வுக்குள்ளேயே இருக்கிறது. வெளியூர் நண்பர் கம்ப்யூட்டரைச் சரி செய்வதற்கு என்றே இதைப் பலர் நினைக்கிறார்கள். ஒரே மேஜையில், ஒரே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும்.

தம்பியின் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். உள்ளேயும் வெளியேயும் என்.வி.டி.ஏ.வின் ஒரே பதிப்பைப் பதிந்தோம். விர்ச்சுவல் பாக்ஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் இரண்டாவது அடாப்டராக ஹோஸ்ட் ஒன்லி வகையைச் சேர்த்தோம். இது உள்ளுக்கும் வெளிக்கும் மட்டுமான தனிப்பாதை. இன்டர்நெட் தேவையில்லை, யாரும் நடுவில் வர முடியாது. இதில் வெளிக் கம்ப்யூட்டரின் முகவரி பொதுவாக 192.168.56.1 என்று இருக்கும். வெளியே என்.வி.டி.ஏ. மெனுவில் டூல்ஸ், ரிமோட், கனெக்ட் என்று சென்று, மற்றொரு கம்ப்யூட்டரைக் கட்டுப்படுத்துவது, சர்வரை இங்கேயே நடத்துவது ஆகிய இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒரு பாஸ்வேர்ட் போன்ற கீயைக் கொடுத்தோம். உள்ளே அதே மெனுவுக்குச் சென்று, கட்டுப்படுத்த அனுமதிப்பது என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த முகவரியையும் அதே கீயையும் கொடுத்தோம். பயர்வால் 6837 என்ற போர்ட் பற்றிக் கேட்டால் அனுமதிக்க வேண்டும். உள்ளே விண்டோஸ் தொடங்கும்போதே தானாக இணையும்படி ரிமோட் செட்டிங்ஸில் அமைத்து விட்டால், அடுத்த நாள் இத்தனையும் செய்ய வேண்டியதில்லை. உள்ளே குரலுக்கு "நோ ஸ்பீச்" என்று வைத்து விடலாம். இல்லாவிட்டால் இரண்டு குரல், ஒன்றன் பின் ஒன்றாக, எதிரொலி போல் கேட்கும்.

அதன் பிறகு என்.வி.டி.ஏ. கீயுடன் ஆல்ட், டேப் கீகளைச் சேர்த்துத் தட்டினால் கீ போர்ட் உள்ளே போகிறது. மறுபடி தட்டினால் வெளியே வருகிறது. இதில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. இதற்கு முன் இன்சர்ட் கீயைத் தட்டினால் அதை உள்ளே இருக்கும் ஸ்கிரீன் ரீடர் எடுத்துக் கொள்ளுமா, வெளியே இருப்பது எடுத்துக் கொள்ளுமா என்று ஒரு குஸ்தி நடக்கும். அது போனது. விர்ச்சுவல் பாக்ஸ் விண்டோவுக்குள் நுழையவே தேவையில்லை. ஹெட்லெஸ் ஸ்டார்ட் என்று கொடுத்து, திரையே இல்லாமல் அதை ஓட விடலாம். அதற்காக ஆகும் வேலையும் மிச்சம்.

முதல் நாள் அவர் அம்புக்குறி கீயை மேலும் கீழும் தட்டித் தட்டிப் பார்த்துக் கொண்டே இருந்தார். "வெளிய உள்ளன்னு வித்தியாசமே தெரியலண்ணே" என்றார். அவர் அம்மா காபி கொண்டு வந்து வைத்ததைக் கூட கவனிக்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. உள்ளே என்.வி.டி.ஏ. தொடங்கும் வரை எந்தச் சத்தமும் வராது. லாக்-இன் திரையில் வேண்டுமென்றால், சேமித்த செட்டிங்ஸை அங்கும் பயன்படுத்தும்படி என்.வி.டி.ஏ.வின் பொது செட்டிங்ஸில் சொல்ல வேண்டும். ஏதாவது கோளாறாகி இணைப்பு வராத நாளுக்காக, விர்ச்சுவல் சவுண்ட் கார்டையும் நீக்காமல் வைத்திருக்கவும். தாமதமான குரல், குரலே இல்லாததை விட மேல். அதுவும் பேசாவிட்டால், சாதாரணமாகத் திறந்த விர்ச்சுவல் பாக்ஸ் விண்டோவில் நின்று வெளி என்.வி.டி.ஏ.வில் அதன் கீயுடன் ஆர் தட்டினால், திரையில் தெரியும் எழுத்தைப் படமாகப் படித்துச் சொல்லும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஆர்கா ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. அங்கே குரலைக் கையாளும் ஸ்பீச் டிஸ்பாட்சர் நெட்வொர்க் வழியாகவும் எழுத்தை வாங்கிப் பேசக் கூடியது. அதே வழிதான்.

பார்வையற்றவருக்கு விர்ச்சுவல் மெஷின் எதற்கு, சாதாரண கம்ப்யூட்டர் போதாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நிறுவனம் கொடுக்கும் வேலையை ஒதுக்கி விடுங்கள். ஒரு அப்டேட்டில் நம் கம்ப்யூட்டர் கெட்டால் திரையில் பிழைச் செய்தியைப் படிப்போம். அவர் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் கெட்டால் எதுவுமே இல்லை. யாராவது வந்து பார்க்கும் வரை அது ஒரு பெட்டி, அவ்வளவுதான். விர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக் கொண்டு, புதிய பதிப்பை முதலில் அங்கே சோதித்து, கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். நம்மை விட அவருக்குத்தான் இது அதிகம் தேவை. மதுரையில், பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985ல் தொடங்கிய இந்தியன் அசோசியேஷன் ஃபார் த பிளைண்ட் போன்ற அமைப்புகள் இருக்கும் ஊர் இது. இங்கே ஸ்கிரீன் ரீடரோடு வேலைக்கு வருபவர்கள் அபூர்வம் அல்ல. அவர்களுக்கு விர்ச்சுவல் மெஷினைக் கொடுக்கும் நிறுவனங்கள், கொடுப்பதற்கு முன் மானிட்டரை அணைத்து விட்டு ஐந்து நிமிடம் அதில் வேலை செய்து பார்த்தால் என்ன? தாமதத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். செல்போனில் கீ தட்டும் சத்தத்தையும் குரலையும் ஒன்றாகப் பதிவு செய்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி புரோகிராமில் திறந்தால், இரண்டு மேடுகளுக்கு நடுவில் எத்தனை மில்லி செகண்ட் என்று எண்ணி விடலாம்.

ஒன்றே ஒன்று மட்டும் நம்மால் சரி செய்ய முடியவில்லை. விர்ச்சுவல் மெஷின் ஒழுங்காக ஓட, பயாஸில் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம்., ஆன் ஆகியிருக்க வேண்டும். தம்பியின் கம்ப்யூட்டரில் அது ஆப் ஆகி இருந்ததால் முதல் முறை விர்ச்சுவல் மெஷின் தொடங்கவே இல்லையாம். பயாஸ் திரையில் எந்த ஸ்கிரீன் ரீடரும் பேசாது. விண்டோஸே அப்போது தொடங்கியிருக்காது. அதற்காக அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் காத்திருந்திருக்கிறார். கம்ப்யூட்டர் விற்பவர்கள் வாசகர்களில் யாராவது இருந்தால், பார்வையற்ற ஒருவருக்கு விற்கும்போது அந்த ஒரு செட்டிங்கை ஆன் செய்து கொடுத்து அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலை.